கடவுளின் நிறம் விரல் நுனியில்: ஓர் ஈரானியப் படத்தில் பாட்டியும் அப்பாவும்

டெஹ்ரானில் பார்வையற்ற பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. கோடை விடுமுறை ஆரம்பிக்கிற நாள். எல்லாப் பிள்ளைகளையும் அவரவர் வீட்டார் வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். முகமது மட்டும் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கிறான், எட்டு வயதுப் பையன். பக்கத்தில் எங்கோ ஒரு பறவைக் குஞ்சு கீழே விழுந்து கத்துகிறது, ஒரு பூனை அதை நெருங்குகிறது. இரண்டையும் காதாலேயே கண்டுபிடித்து, பூனையைக் கல்லெறிந்து விரட்டி, சருகுக்குள் கையை விட்டுத் துழாவிக் குஞ்சை எடுத்து, சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, மரத்தில் தடவித் தடவி ஏறிக் கூட்டில் சேர்த்துவிட்டு இறங்குகிறான். அப்பா வருகிறார், கடைசி ஆளாக. வந்தவர் பள்ளியில் இருப்பவர்களிடம், இவனை விடுமுறையிலும் இங்கேயே வைத்துக்கொள்ள முடியாதா என்று கேட்கிறார். முடியாது என்கிறார்கள்.

மஜித் மஜிதி 1999-இல் எடுத்த படம் இது. ஆங்கிலத்தில் ‘தி கலர் ஆஃப் பாரடைஸ்’ என்று பெயர் வைத்து உலகமெல்லாம் அனுப்பினார்கள், நம்மில் பலரும் அந்தப் பெயரில்தான் பார்த்திருப்போம். பாரசீகத்தில் அதன் பெயர் ‘ரங்-எ-கோதா’. கோதா என்றால் கடவுள், ஆக ‘கடவுளின் நிறம்’. ஆங்கிலத்தில் கடவுள் போய் சொர்க்கம் வந்துவிட்டது. இது சின்ன மாற்றம் இல்லை. சொர்க்கம் ஓர் இடம், போய்ச் சேர வேண்டியது. இந்தப் படத்தில் யாரும் எந்த இடத்துக்கும் போய்ச் சேர ஆசைப்படவில்லை, ஒரு பையன் கடவுளைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான், அவ்வளவுதான்.

நல்ல பாட்டி, கெட்ட அப்பா, நடுவில் ஒரு பாவப்பட்ட பிள்ளை என்றுதான் பெரும்பாலும் இந்தப் படத்தைப் பேசுகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது நானும் அப்படித்தான் பார்த்தேன், அப்பா ஹாஷெம் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. இப்போது அது போதாது என்று தோன்றுகிறது. இரண்டு பேரும் ஒரே வீட்டில், ஒரே பிள்ளையை, ஒரே கடவுளின் பெயரைச் சொல்லும் ஊரில் வளர்க்கிறார்கள். பாட்டிக்கு அவன் பேரன். அப்பாவுக்கு அவன் ஒரு கேள்வி, அதுவும் பதில் கிடைக்காத கேள்வி. அந்தக் கேள்வி நியாயமானது என்பதையும் படம் மறைக்கவில்லை. அதனால்தான் இது இவ்வளவு வலிக்கிறது.

ஹாஷெமிடமிருந்து ஆரம்பிக்கிறேன். காஸ்பியன் கடலை ஒட்டிய வடக்கு ஈரானின் மலைக்காட்டுப் பக்கம் அவர் ஊர். கரிமூட்டம் போடுகிற கூலி வேலை. மனைவி இறந்துவிட்டாள். வீட்டில் வயதான அம்மா, இரண்டு பெண் பிள்ளைகள், தூரத்துப் பள்ளியில் ஒரு பார்வையற்ற மகன். மறுமணம் செய்துகொள்ள ஒரு பெண்ணைப் பார்த்து, அவள் வீட்டுக்குச் சீர் கொண்டுபோய், சம்மதமும் வாங்கிவிட்டார். அது மதப்பற்று மிகுந்த குடும்பம். பார்வையில்லாத மகன் இருப்பது தெரிந்தால் அபசகுனம் என்று சம்பந்தத்தை முறித்துவிடுவார்களோ என்று பயந்து மகனையே மறைக்கிறார். நம் ஊரில் கல்யாணப் பேச்சு நடக்கும் வீடுகளில் மாற்றுத்திறனாளியான தம்பியையோ தங்கையையோ அன்று ஒரு நாள் மட்டும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பி வைத்த கதை கேட்டிருப்பவர்களுக்கு இதில் விளக்கம் எதுவும் தேவைப்படாது.

அப்புறம் அவர் செய்கிற காரியம்: மகனைப் பாட்டிக்குத் தெரியாமல் தூரத்தில் உள்ள ஒரு தச்சரிடம் கொண்டுபோய் விடுகிறார். அந்தத் தச்சரும் பார்வையற்றவர். பையன் அழுகிறான், பார்க்கிற நமக்கு நெஞ்சு கனக்கிறது. ஆனால் கொஞ்சம் தள்ளி நின்று யோசித்தால், அது ஒரு கைத்தொழில். கண் தெரியாமலே அந்தத் தொழிலைச் செய்து சொந்தக் காலில் நிற்கிற ஒருவரிடம்தான் மகனைச் சேர்க்கிறார். எங்கள் தெருவில் மூளை வளர்ச்சி குறைந்த மகனை வைத்துக்கொண்டிருந்த ஓர் அம்மா, யார் நலம் விசாரித்தாலும், “எனக்கு அப்புறம் இவனை யார் பார்ப்பா?” என்பதைத் தவிர வேறு எதுவும் பேசமாட்டார். மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் எல்லா ஊரிலும் கேட்கிற ஒரே கேள்வி அது. ஹாஷெம் அதற்குத்தான் ஒரு பதில் தேடுகிறார். சிக்கல் என்னவென்றால், அந்தக் கேள்வியின் பின்னால் இன்னொன்றையும் ஒளித்து வைத்திருக்கிறார்: எனக்கு வயதானால் என்னை யார் பார்ப்பார்கள்? மகனின் எதிர்காலத்துக்காகக் கவலைப்படுவது போலவே தெரியும், உள்ளே தன் எதிர்காலத்துக்காக அழுகிறார். பிள்ளை தன் முதுமைக்கான சேமிப்பு என்று நம்புகிற அப்பா அவர், அந்தச் சேமிப்பு செல்லாது என்று தெரிந்ததும் உடைந்துபோகிறார். கேட்க அசிங்கமாக இருந்தாலும் நம் வீடுகளில் எத்தனை பேர் இப்படி நினைக்காமல் பிள்ளை வளர்க்கிறோம்?

பாட்டியைப் பிள்ளைகள் ‘அஸீஸ்’ என்று கூப்பிடுகிறார்கள். அன்பானவர் என்று பொருள் வருகிற சொல், பாட்டியைக் கூப்பிடவும் அங்கே அதுதான். முகமது ஊருக்கு வந்ததும் பாட்டியைக் கட்டிக்கொண்டு அவர் கையைத் தடவிப் பார்த்து, உங்கள் கை எவ்வளவு வெள்ளையாக, அழகாக இருக்கிறது என்கிறான். வயலில் உழைத்துக் காய்ப்பேறிய கை அது. நிறம் என்பதையே பார்த்திராத பிள்ளை ஒரு கையை வெள்ளை என்று சொல்கிறானே, அதைக் கேட்டதும் படத்தின் தலைப்பு வேறு மாதிரி ஒலிக்க ஆரம்பிக்கிறது.

பாட்டி அவனுக்குப் பெரிதாக எதுவும் கற்றுத் தருவதில்லை. வயலுக்கு, காட்டுக்கு, ஓடைக்கு என்று அவனை விடுகிறார், கூடவே போகிறார். பிள்ளைகள் பூப் பறிக்கிறார்கள், அதில் சாயம் காய்ச்சுகிறார்கள். உள்ளூர்ப் பள்ளிக்கு இன்னும் விடுமுறை விடவில்லை என்பதால் சகோதரிகளோடு அங்கேயும் போகிறான். மற்ற பிள்ளைகள் தங்கள் புத்தகத்தில் படிக்கும் அதே பாடத்தை இவன் புடைத்த புள்ளிகளே எழுத்தாக இருக்கும் பிரெய்லிப் புத்தகத்தில் விரலை ஓட்டிப் படித்துக் காட்ட, ஆசிரியரே அசந்துபோகிறார். பாட்டி இவனைப் பாவம் என்று நினைத்து ஒதுக்கி வைப்பதே இல்லை. அவனுக்கு என்ன இல்லை என்பதைப் பற்றி அவர் பேசுவதில்லை, என்ன இருக்கிறதோ அதோடு வாழ விடுகிறார். அனுதாபத்துக்கும் இதற்கும் பெரிய தூரம் உண்டு.

இந்த இடத்தில் பிரெய்லி பற்றிக் கொஞ்சம். பாரசீக எழுத்து வலமிருந்து இடமாகப் போகும், பாரசீகப் பிரெய்லி மட்டும் உலகின் மற்ற பிரெய்லிகளைப் போல இடமிருந்து வலமாகத்தான். தன் ஊரே ஒரு திசையில் வாசிக்க, இந்தப் பையன் எதிர்த்திசையில் வாசிக்கிறான். அதே விரலால் கோதுமைக் கதிரை வருடுகிறான், ஓடையில் கிடக்கும் கூழாங்கற்களை வருடுகிறான், ஒவ்வொரு மேட்டையும் ஓர் எழுத்தாக வாய்விட்டுச் சொல்கிறான். மரங்கொத்தி தட்டுகிற சத்தம்கூட அவனுக்கு ஏதோ ஒரு பேச்சு, அதை எண்ணிப் பார்க்கிறான். பேருந்தில் போகும்போது ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டிக் காற்றைப் பிடித்துப் பார்க்கிறான். உலகமே யாரோ அவனுக்காக எழுதிவைத்த புத்தகம் மாதிரி, அதை எழுதியவர் யார் என்பதுதான் அவன் தேடல். முகமதுவாக நடித்த மொஹ்சென் ரமசானி நிஜத்திலும் பார்வையற்ற சிறுவன். அந்த விரல்கள் நடிக்கவில்லை என்று பார்த்தாலே தெரிந்துவிடும். தரையில் சருகைத் துழாவுகிற காட்சியில் ஒரு தேர்ந்த நடிகரால்கூட அப்படித் துழாவியிருக்க முடியாது.

படம் தொடங்குவதும் இருட்டில்தான், திரை கறுப்பாகவே இருக்கிறது. கடவுளுக்கான சமர்ப்பணம் வருகிறது. ஒலிநாடாக்கள் ஓடுகின்றன, இது யாருடையது என்று ஆசிரியர் கேட்கிறார், பிள்ளைகளின் குரல் பதில் சொல்கிறது. பார்க்க வந்த நம்மைக் கொஞ்ச நேரம் பார்வையற்றவர்களாக உட்கார வைத்துவிட்டுத்தான் மஜிதி கதையைத் திறக்கிறார். குர்ஆனின் 57-வது அத்தியாயம், 3-வது வசனம் இறைவனை வெளிப்படையானவன் என்றும் மறைவானவன் என்றும் ஒரே மூச்சில் சொல்லும். அந்த இரண்டு சொற்களுக்கு நடுவில்தான் இந்தப் படம் முழுக்க நடக்கிறது.

தலைப்புக்கும் குர்ஆனில் வேர் இருக்கிறது. 2-வது அத்தியாயம், 138-வது வசனத்தில் ‘ஸிப்கத்துல்லாஹ்’ என்று ஒரு சொல் வரும். அல்லாஹ்வின் வண்ணம், வண்ணம் தீட்டுவதில் அவனைவிடச் சிறந்தவர் யார் என்று கேட்கும் வசனம். அரபியில் ‘ஸிப்க்’ என்பது சாயம் தோய்ப்பதோடு சேர்ந்த சொல். பாரசீகத்தில் அதை ‘ரங்-எ-கோதா’ என்று சொன்னால் நேரே பொருந்திவிடும். இப்போது பூவில் சாயம் காய்ச்சும் காட்சியை மறுபடி நினைத்துப் பாருங்கள். வெறும் கிராமத்து அழகுக்காக வைத்தது என்று முன்பு நினைத்திருந்தேன். சாயம் மேலே பூசுவது இல்லை, நூல் அதில் ஊறவேண்டும். பாட்டியின் பக்தி அப்படிப்பட்டது. அவர் மதத்தைப் பற்றிப் பிள்ளைகளுக்கு ஒரு பிரசங்கமும் செய்வதில்லை. பெண் வீட்டாரின் பக்தி வேறு ரகம், அது சகுனம் பார்க்கிறது. இரண்டும் ஒரே மதம்தான், இரண்டு வீட்டிலும் அதே தொழுகைதான்.

இன்னொரு வசனமும் இங்கே நினைவுக்கு வரும். 80-வது அத்தியாயத்தின் பெயரே ‘அபஸ’, கடுகடுத்தார் என்று பொருள். பார்வையற்ற ஒருவர் தேடி வந்தபோது முகம் சுளித்துத் திரும்பிக்கொண்டதைக் கண்டிக்கும் வசனங்களோடு அது தொடங்குகிறது. சுன்னி உரையாசிரியர்களில் பெரும்பாலானோர் அங்கே கண்டிக்கப்படுவது நபிகள் நாயகம்தான் என்றும், வந்தவர் அப்துல்லாஹ் இப்னு உம்மு மக்தூம் என்றும் சொல்வார்கள். ஷியா உரையாசிரியர்கள் பலர் திரும்பிக்கொண்டது வேறொருவர் என்பார்கள். யாராக இருந்தாலும், பார்வையற்றவரிடமிருந்து முகம் திருப்பியது கண்டிக்கப்பட்டது என்பதில் மாற்றம் இல்லை. குர்ஆன் ஓதி வளர்ந்த ஒருவர், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அந்தப் பையனைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்கும் ஹாஷெமைப் பார்த்தால் இந்த வசனம் நினைவுக்கு வராமல் இருக்காது. அந்தப் பையனின் பெயர் முகமது என்பதும் சேர்ந்தே உறுத்தும்.

சரி, தச்சர் காட்சிக்கு வருகிறேன். என்னைக் கேட்டால் படத்தின் மையம் இதுதான். பட்டறையில் விடப்பட்ட முகமது அழுகிறான், தச்சர் ஏன் அழுகிறாய் என்று கேட்க, கொட்டித் தீர்க்கிறான். எனக்குக் கண் தெரியாததால் யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை, பாட்டிக்குக்கூடப் பிடிக்கவில்லை என்கிறான். கண் தெரிந்திருந்தால் ஊர்ப் பள்ளியிலேயே மற்ற பிள்ளைகளோடு படித்திருப்பேன் என்கிறான். பார்வையற்றவர்களைக் கடவுளுக்கு அதிகம் பிடிக்கும் என்று ஆசிரியர் சொன்னாராம். அப்படியென்றால் தன்னைப் பார்க்க முடியாதபடி எங்களை ஏன் படைத்தார் என்று இவன் கேட்டிருக்கிறான். கடவுள் கண்ணுக்குத் தெரிகிறவர் இல்லை, எங்கும் இருக்கிறார், விரல் நுனியால் அவரைப் பார்க்கலாம் என்று ஆசிரியர் பதில் சொல்லியிருக்கிறார். அதனால்தான் எல்லா இடத்திலும் கையை நீட்டித் தேடிக்கொண்டிருக்கிறேன், என்றாவது ஒருநாள் கை அவர் மேல் படும், அப்போது எல்லாவற்றையும் சொல்வேன், மனசுக்குள் இருக்கிற ரகசியத்தையும் சொல்வேன் என்று முடிக்கிறான்.

தச்சர் தேற்றுவதில்லை. உன் ஆசிரியர் சொன்னது சரிதான் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடுகிறார். அவரும் பார்வையற்றவர், அவரும் ஒரு காலத்தில் இதே வயதில் இதே கேள்வியோடு இருந்திருப்பார், அதற்குத் தன்னிடம் பெரிய பதில் இல்லை என்று தெரிந்து அந்த இடத்தை விட்டு நகர்கிறார். பாட்டி, அப்பா என்ற இரண்டு பேரைப் பற்றியே எல்லோரும் எழுதுகிறார்கள், இந்த மூன்றாவது ஆளைச் சேர்த்துக்கொள்வதில்லை. பிள்ளை வளர்ப்பில் அவர் செய்ததை வேறு யாரும் செய்யவில்லை. அவன் வலியை இல்லை என்று சொல்லவும் இல்லை, அதைத் தன் கவலையாக மாற்றிக்கொள்ளவும் இல்லை. பாட்டிக்கும் பிடிக்கவில்லை என்று பையன் சொல்வதையும் கவனிக்கவேண்டும். அவ்வளவு அன்பு கொடுத்த பாட்டியின் அன்பைக்கூட, அப்பாவின் ஒரு கைவிடுதல் அவன் மனசில் பொய்யாக்கிவிடுகிறது. ஒரு வீட்டில் ஒருவர் வளர்க்கிற விதம் இன்னொருவர் வளர்ப்பதை எப்படித் தின்றுவிடும் என்று இதைவிடக் கச்சிதமாக ஒரு வசனத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

பேரனைக் கொண்டுபோய் விட்டது தெரிந்ததும் பாட்டி வீட்டை விட்டுக் கிளம்புகிறார். மழை, சேறு, மூட்டையோடு நடக்கிற கிழவி. வழியில் ஆழமில்லாத நீரில் மாட்டித் துடிக்கிற ஒரு மீனைக் கையில் எடுத்துத் தண்ணீரில் விடுகிறார். பேரன் குஞ்சை எடுத்த அதே கைப்பழக்கம். ஹாஷெம் தடுக்கப் போகிறார், அப்போதுதான் அவர் வெடிக்கிறார். உங்கள் கடவுள் எனக்கு ஏன் உதவவில்லை, எதற்காக நான் நன்றியோடு இருக்கவேண்டும், செத்துப்போன மனைவிக்கா, இந்தப் பிள்ளைக்கா என்று அம்மாவிடம் கத்துகிறார். சிறு வயதில் தன் அப்பாவை இழந்ததையும் சொல்கிறார். தன்னை ஓர் அப்பா வளர்க்காததால் அப்பாவாக இருக்கத் தெரியாமல் போன ஆள் என்று அந்த இடத்தில் புரிகிறது. பாட்டி சொல்வது சின்னப் பதில்: அவனைப் பற்றி எனக்குக் கவலை இல்லை, உன்னைப் பற்றித்தான் கவலை. நம் ஊர் அம்மாக்கள் சொல்வது போலவே இருக்கிறது. அவர் இன்னும் இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கிறார், அதில் ஒருவருக்குத் தாடி நரைக்கிற வயது.

மஜிதியின் முந்தைய படமான ‘சில்ட்ரன் ஆஃப் ஹெவன்’ (1997) பார்த்தவர்களுக்கு அந்த அப்பாவும் நினைவுக்கு வருவார். ஆஸ்கரின் வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் இறுதிப் பரிந்துரை பெற்ற முதல் ஈரானியப் படம் அது, 2022-இல் ‘அக்கா குருவி’ என்று தமிழிலும் வந்தது. மசூதிக்காகச் சர்க்கரைக் கட்டி உடைத்துக்கொண்டிருக்கும் அந்த அப்பா, தன் தேநீருக்கு அதிலிருந்து ஒரு துண்டைக்கூட எடுக்க மாட்டார், நம்மை நம்பிக் கொடுத்தது என்பார். ஹாஷெமுக்கும் ஒன்றை நம்பித்தான் கொடுத்திருக்கிறார்கள். அந்த அப்பா சர்க்கரையைக் காத்த மாதிரி இவரால் மகனைக் காக்க முடியவில்லை. 1979 புரட்சிக்குப் பிறகு ஆண், பெண் நெருக்கத்தைத் திரையில் காட்டக் கடுமையான விதிகள் இருந்த ஈரானில், அன்பு, வறுமை, நம்பிக்கை எல்லாவற்றையும் குழந்தைகள் வழியாகப் பேசுவது ஒரு வலுவான மரபாகவே வளர்ந்தது. 1965-இல் தொடங்கிய ‘கானூன்’ என்ற சிறுவர் வளர்ச்சி நிறுவனத்தின் திரைப்படப் பிரிவு அதற்கு முன்பே போட்ட அடித்தளமும் அதற்கு உதவியது.

எனக்கு உறுத்துகிற ஒன்றையும் சொல்லவேண்டும். முகமது கிட்டத்தட்ட ஒரு ஞானிபோல இருக்கிறான். எட்டு வயதுப் பையனுக்கு உள்ள பிடிவாதம், குறும்பு, பொய் எதுவும் அவனிடம் அவ்வளவாக இல்லை. பார்வையற்றவர்கள் என்றாலே தூய்மை, தெய்வீகம் என்று ஏற்றி வைப்பதும் அவர்களைத் தள்ளி வைப்பதில் ஒரு வகைதான். “கடவுளுக்கு உன்னை அதிகம் பிடிக்கும்” என்ற ஆசிரியரின் ஆறுதலை முகமதுவே எதிர்த்துக் கேட்கிறான் என்பதால் மஜிதிக்கு இந்த ஆபத்து தெரிந்தே இருந்திருக்கிறது, ஆனாலும் முழுக்கத் தப்பவில்லை.

பாட்டி நோயில் விழுந்து இறந்துபோகிறார். அதையே அபசகுனமாக எடுத்துக்கொண்டு பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்துகிறார்கள். பார்வையில்லாத மகன்தான் சகுனத் தடை என்று பயந்து அவ்வளவும் செய்தார், தடை வேறு பக்கத்திலிருந்து வந்துவிட்டது. எல்லாம் போனபின் மகனைக் கூட்டிவரப் போகிறார். திரும்பி வரும் வழியில் பழைய மரப்பாலம் உடைந்து முகமது ஆற்றில் விழுகிறான்.

ஹாஷெம் உடனே குதிக்கவில்லை. சில நொடி நிற்கிறார். வெள்ளம் மகனை இழுத்துப் போகிறது, அவர் முகத்தில் அதிர்ச்சி இருக்கிறது, அதோடு சேர்ந்து வேறொன்றும் ஓடுகிறது, சொல்லக்கூடத் தயக்கமாக இருக்கிற ஒன்று: போனால் போகட்டும், விடுதலை. பெற்ற மனம் பித்து என்போம், அந்தச் சில நொடி அது கல்லாக நிற்கிறது. அப்புறம் குதிக்கிறார். படத்தில் முதல் தடவையாக எந்தக் கணக்கும் போடாமல் ஒரு காரியம் செய்கிறார். முதுமையில் தன்னைக் காப்பாற்றப் போகாத பிள்ளை என்று அவர் முடிவு செய்துவிட்ட பிள்ளைக்காகத்தான் உயிரைக் கொடுக்கத் துணிகிறார்.

காஸ்பியன் கரையில் கண் விழிக்கிறார். கொஞ்ச தூரத்தில் மகன் அசைவில்லாமல் கிடக்கிறான். தடுமாறி ஓடிப் போய் எடுத்து மடியில் போட்டுக்கொண்டு கதறுகிறார். பாட்டி படம் முழுக்கச் செய்த காரியத்தை, அந்தப் பையனை இறுகக் கட்டிக்கொள்வதை, அவர் இப்போதுதான் செய்கிறார். மரங்கொத்தியின் சத்தம் கேட்கிறது. கேமரா மெல்ல இறங்கி வந்து முகமதுவின் கைக்குப் போகிறது. கையில் ஒரு பொன்னிற ஒளி படர்கிறது, விரல்கள் அசைகின்றன.

பிழைத்துவிட்டானா, இறந்தபின் கடவுளைத் தொட்டானா என்று இதை வைத்து நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். நான் அவன் பிழைத்தான் என்ற பக்கம். அப்பாவின் மடி என்பது அவன் விரல்கள் இதுவரை வாசிக்காத பக்கம், அது இப்போது கைக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது.